கேமரா கார்டிலிருந்து தியேட்டர் திரை வரை: முதல் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று மாதக்கணக்கில் பேசுகிறவர்கள், எடுத்த காட்சி எந்த வழியாகத் தியேட்டருக்குப் போய்ச் சேரும் என்பதைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. சிறிய பட்ஜெட் தமிழ்ப் படம் ஒன்றின் போஸ்ட் புரொடக்‌ஷன் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எனக்கும் அந்த வழி முழுதாகத் தெரியாது. ஒவ்வொரு லேபிலும் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவரவர் வேலையை அவரவர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பணமும் நாளும் ஒழுகியது ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வேலை கைமாறும் இடங்களில்தான். அதனால் இந்தக் கட்டுரை கைமாற்றங்களைப் பற்றியது: எந்த இடத்தில் எதைக் கொடுக்க வேண்டும், எந்தக் காகிதம் கூடப் போக வேண்டும், எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்.

சென்னையில் வேலை நடக்கிறது, படம் தியேட்டருக்கும் பிறகு ஓடிடிக்கும் தொலைக்காட்சிக்கும் போகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கடைசி வாசலில் தொடங்குங்கள்

படப்பிடிப்புக்கு முன்பே டிஐ (எடுத்த படத்துக்கு இறுதி நிறம் கொடுக்கும் வேலை) செய்யப்போகும் லேபையும் மிக்ஸிங் (எல்லா ஒலிகளையும் கலக்கும் வேலை) செய்யப்போகும் ஸ்டூடியோவையும் பேசி முடித்துவிடுங்கள். முன்பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுக்கு எந்த வடிவத்தில் ஃபைல்கள் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதை ஆறு மாதம் கழித்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் முடிவாக வேண்டியது ஃபிரேம் ரேட். தியேட்டருக்கான டிசிபி, அதாவது தியேட்டர் சர்வரில் ஏற்றும் படத்தின் டிஜிட்டல் பிரதி, விநாடிக்குச் சரியாக 24 ஃபிரேம். பல கேமராக்களில் 24 என்று எழுதியிருப்பது உண்மையில் 23.976 ஆக இருக்கும். வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி விலகும். படம் ஒரு ரேட்டிலும் ஒலி இன்னொரு ரேட்டிலும் நடந்தால் இரண்டே நிமிடத்தில் உதடும் வசனமும் பிரிந்துவிடும். டிசிபிக்குள் 23.976 என்பதே கிடையாது. கேமரா வாடகைக்கு வந்த அன்றே மெனுவைத் திறந்து 24.000 என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு முறை கேமரா மாறும்போதும் பாருங்கள். இரண்டாவது யூனிட் கேமராவில்தான் பெரும்பாலும் இந்தப் பிசகு நடக்கிறது.

தொலைக்காட்சிக்கு மட்டும் எடுப்பவர்கள் 25-இல் எடுக்கலாம். இந்தியாவில் ஒளிபரப்பு 25 ஃபிரேம் கணக்கில்தான் நடக்கிறது. தியேட்டர் முதலில், டிவி பிறகு என்றால் 24-இலேயே இருங்கள். 24-ஐ 25-ஆக ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடமாகும், குரலின் சுருதியும் சற்றே ஏறும். அதைச் சரிசெய்வது எளிய வேலை.

அடுத்தது திரை அளவு. 2கே டிசிபியில் ஸ்கோப் என்றால் 2048×858, ஃபிளாட் என்றால் 1998×1080. எதுவென்று முதல் நாளே முடிவுசெய்து, கேமரா மானிட்டரில் அந்தக் கோட்டைப் போடச் சொல்லுங்கள். ஸ்கோப்புக்கு எடுத்துவிட்டுப் பிறகு ஃபிளாட் வேண்டும் என்றால், மேலே தொங்கும் மைக் ஒவ்வொரு காட்சியிலும் எட்டிப் பார்க்கும்.

2. ஒரு நிமிடத்தை முழு வழியிலும் நடத்திப் பாருங்கள்

டெஸ்ட் ஷூட் என்றால் மேக்கப்பும் உடையும் பார்க்க என்று நினைக்கிறார்கள். அதே நாளில் ஒலியுடன் ஒரு நிமிடக் காட்சி எடுங்கள். அதை பிராக்ஸியாக (எடிட்டுக்கான சிறிய அளவுப் பிரதியாக) மாற்றி, எடிட் செய்து, லேபில் கன்ஃபார்ம் செய்து (எடிட்டில் வைத்த துண்டுகளை மூல ஃபைல்களிலிருந்து மீண்டும் கோத்து), கலர் பார்த்து, டிசிபியாக்கி ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான லேபுகள் வரப்போகும் வாடிக்கையாளருக்கு இதைச் சலுகையாகச் செய்து தருவார்கள். தராவிட்டால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே ஒரு டெஸ்ட் டிசிபி செய்துகொள்ளலாம். பின்னால் வரக்கூடிய சிக்கல்களில் பாதி இந்த ஒரு நிமிடத்திலேயே தலைகாட்டிவிடும்.

3. ஹார்ட் டிஸ்க் கணக்கு

பட்ஜெட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கு என்று தனி வரி இல்லாத படங்களே அதிகம். புரொடக்‌ஷன் மேனேஜர் கடைசி நிமிடத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆள் அனுப்பிக் கிடைத்ததை வாங்கி வருவார். கணக்கு ஒன்றும் கடினமில்லை, நீங்களே போடலாம்.

4கே அளவில், அதாவது 3840×2160-இல், புரோரெஸ் 422 எச்க்யூ என்ற சுருக்கப்பட்ட வீடியோ வடிவில் 24 ஃபிரேமில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 ஜிபி. நாளொன்றுக்கு 2 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 640 ஜிபி. 40 நாள் படப்பிடிப்புக்குச் சுமார் 25 டெராபைட். மூன்று பிரதிகள் என்றால் 75-ஐத் தாண்டும். ரா வடிவம் (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைப்பது) என்றால் கணக்கே வேறு. ஆரி அலெக்ஸா மினி எல்எஃப் கேமராவில் ஓப்பன் கேட்டில் (சென்சாரின் முழுப் பரப்பில்) சுருக்கப்படாத ஆரிரா (ஆரியின் ரா வடிவம்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.7 டெராபைட்டுக்கு மேல் போகும். ஒளிப்பதிவாளர் ரா கேட்டால் உடனே மறுக்காதீர்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். எந்தக் காட்சிக்கு அது உண்மையிலேயே தேவை என்று அவரே பிரித்துச் சொல்லிவிடுவார்.

மூன்று பிரதி என்பது ஆடம்பரமில்லை. இரண்டு வெவ்வேறு டிஸ்க், மூன்றாவது வேறோர் இடத்தில். மூன்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே சமயத்தில் பழுதாவது உண்டு. பணம் இருந்தால் மூன்றாவது பிரதியை எல்டிஓ என்ற காந்த டேப்பில் வைக்கலாம். எல்டிஓ-8 டேப் ஒன்றில் 12 டெராபைட், எல்டிஓ-9 டேப்பில் 18 டெராபைட் பிடிக்கும். டேப் மலிவு, அதை எழுதும் டிரைவ்தான் விலை. டிரைவை வாங்க வேண்டாம். டேப்பில் எழுதிக் கொடுக்கும் லேபுகள் இருக்கின்றன.

4. செட்டில் கார்டு கைமாறும் விதம்

இந்தப் பகுதியை மட்டும் உங்கள் உதவி இயக்குநர்கள், கேமரா உதவியாளர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். மற்ற எந்தப் பிசகையும் பணம் கொடுத்துத் திருத்தலாம். அழிந்த கார்டைத் திருத்தப் பெரும்பாலும் வழியே இல்லை.

கார்டைக் கையாள ஒரே ஓர் ஆள் இருக்க வேண்டும். பெரிய படங்களில் டிஐடி என்று தனி நிபுணர் இருப்பார். சிறிய படத்தில் நிதானமான ஓர் இளைஞர் போதும். ஆனால் அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. இடையில் காபி வாங்க அனுப்பினீர்கள் என்றால், திரும்பி வரும்போது எந்த கார்டு காப்பி ஆனது, எது ஆகவில்லை என்று அவருக்கே தெரியாது. அவருடைய பேட்டாவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கார்டு நிறைந்து கேமராவிலிருந்து வெளியே வந்ததும் அதன் மேல் சிவப்பு டேப். டேப்பில் ஏ001 என்பதுபோல் கார்டு எண். காப்பியாகி, சரிபார்த்து முடிந்ததும் சிவப்பைக் கிழித்துப் பச்சை. பச்சை டேப் உள்ள கார்டை மட்டும்தான் ஃபார்மட் செய்யலாம். அதையும் கேமராவுக்குள் போட்ட பிறகு, கேமரா உதவியாளர் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். லேப்டாப்பில் ஒருபோதும் ஃபார்மட் செய்யக் கூடாது.

காப்பி எடுக்கும்போது ஃபைலைப் பிடித்து இழுத்துப் போடுவது கூடாது. அப்படிப் போட்டால் எல்லாம் சரியாக வந்ததா என்று கணினி சரிபார்த்துச் சொல்லாது. செக்சம் (மூலமும் பிரதியும் ஒன்றே என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்த்துக் காப்பி எடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சில்வர்ஸ்டாக், ஷாட்புட் புரோ போன்றவை கட்டணத்துக்குக் கிடைக்கும். காசில்லை என்றால் டாவின்சி ரிசால்வில் உள்ள குளோன் டூல் போதும். கார்டிலிருந்து இரண்டு டிஸ்க்குக்கும் நேராக எடுங்கள். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதற்கு எடுத்தால், முதலாவதில் உள்ள பிழை இரண்டாவதற்கும் அப்படியே போகும். முடிந்ததும் வரும் அறிக்கை ஃபைலை அந்தந்த நாளின் ஃபோல்டரிலேயே வையுங்கள். பிறகு ஒவ்வொரு கார்டிலும் முதல் கிளிப், நடுவில் ஒன்று, கடைசி கிளிப் என்று மூன்றையாவது திறந்து ஓட்டிப் பாருங்கள். செக்சம் பிரதி சரியா என்று மட்டும்தான் சொல்லும்; கேமராவே தப்பாகப் பதிந்திருந்தால் அதற்குத் தெரியாது.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி எழுதும் என்று வைத்தால், 640 ஜிபி எழுத ஒரு மணி பத்து நிமிடம். சரிபார்க்க மீண்டும் அதே நேரம். ஆக, கடைசி ஷாட் முடிந்த பிறகும் டிஐடிக்கு வேலை பாக்கி இருக்கும். இங்கேதான் நம் ஊரின் பிரத்யேகக் கண்ணி. அன்றைய படப்பிடிப்பு முடிந்தது, ‘பேக்கப்’ என்று குரல் கேட்ட மறு நிமிடம் ஜெனரேட்டர் வண்டிக்காரர் மின்சாரத்தை நிறுத்திவிடுவார். காப்பி பாதியில் நிற்கும். எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள டிஸ்க் என்றால் உள்ளே இருப்பதும் சேர்ந்து சிதையலாம். டிஐடி மேசைக்குத் தனி யுபிஎஸ் வாடகைக்கு எடுங்கள். டிஐடி கையைக் காட்டும் வரை ஜெனரேட்டரை அணைக்கக் கூடாது என்று மேனேஜர் மூலம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

இரவு இரண்டு டிஸ்க்கும் ஒரே வண்டியில் போகக் கூடாது. ஒன்று மேனேஜருடன், ஒன்று இயக்குநர் குழுவுடன்.

டிஸ்க்குடன் சேர்ந்து போக வேண்டிய காகிதம் கேமரா ரிப்போர்ட். கார்டு எண், காட்சி எண், ஷாட், டேக், லென்ஸ், ஃபில்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபிரேம் ரேட். ஸ்லோமோஷனுக்காக வேறு ரேட்டில் எடுத்த ஷாட்டை வட்டமிட்டுக் காட்டுங்கள். தினமும் இரவு அந்தத் தாளைப் படமெடுத்து எடிட்டருக்கு அனுப்புவது நல்ல பழக்கம்.

5. ஒலி

பின்னால் டப்பிங் செய்யப்போகிறோம், ஸ்பாட்டில் ஒலி எப்படி இருந்தால் என்ன என்று சொல்வார்கள். நடிகர் டப்பிங் அறையில் அன்றைய மூச்சையும் இழுப்பையும் மீண்டும் பிடிப்பது ஸ்பாட்டில் பதிந்த பைலட் டிராக்கைக் கேட்டுத்தான். அதனால் பைலட்டும் தெளிவாக இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் டைம்கோடை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்ணை) ஒன்றாக்குங்கள். காலையில் ஒருமுறை, உணவு இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை. அப்படிச் செய்தாலும் கிளாப் அடிப்பதை விடாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அரை நிமிடம் அசையாமல் நிறுத்தி, அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிந்துகொள்ளுங்கள். யூனிட் முணுமுணுக்கும், பரவாயில்லை.

லைவ் சவுண்ட் படம் என்றால் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்தும் தூரத்துக்கான கேபிள் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. பிராக்ஸியும் பெயர் மாற்றாத ஒழுக்கமும்

25 டெராபைட்டை வைத்துக்கொண்டு யாரும் எடிட் செய்வதில்லை. 1080 அளவில் புரோரெஸ் பிராக்ஸியாக மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 16 ஜிபிதான். மேலே சொன்ன 80 மணி நேரமும் 1.3 டெராபைட்டுக்குள் அடங்கும். சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

நிபந்தனை ஒன்றே: பிராக்ஸியின் பெயர், டைம்கோடு, ஃபிரேம் ரேட் மூன்றும் மூல ஃபைலுடன் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ‘சீன் 12 கோவில் நல்ல டேக்’ என்று ஆர்வத்தில் பெயர் மாற்றும் உதவி எடிட்டர் எல்லா ஊரிலும் உண்டு. அவர் மாற்றிய ஒவ்வொரு ஃபைலையும் கன்ஃபார்ம் அறையில் மணிக்கணக்கில் கையால் தேட வேண்டிவரும், அந்த மணி நேரத்துக்கு லேப் பில் போடும். குறிப்பு எழுத எடிட் மென்பொருளுக்குள்ளேயே இடம் இருக்கிறது, அங்கே எழுதட்டும்.

7. எடிட் லாக்: கொடுக்க வேண்டியதும் கூடச் சொல்ல வேண்டியதும்

லாக் என்றால் எடிட் இனி மாறாது என்று இயக்குநரும் தயாரிப்பாளரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அது இல்லாமல் லாக் ஆனது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். லாக் ஆன வாரத்தில்தான் தயாரிப்பாளரின் மைத்துனர் படம் பார்க்க வருவார், இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு அதிகம் என்பார். அப்போது அந்தத் தாள் பேசும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் எந்த ரீலில், எந்த டைம்கோடில், எத்தனை ஃபிரேம் கூடியது, குறைந்தது என்று பட்டியல் போட்டு டிஐ, ஒலி, விஎஃப்எக்ஸ், இசை நான்கு இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். மூன்று இடத்துக்கு அனுப்பி நாலாவதை மறப்பதுதான் வழக்கம்.

படத்தை இருபது நிமிடத்துக்குள் அடங்கும் ரீல்களாகப் பிரியுங்கள். பாட்டின் நடுவிலோ பின்னணி இசை ஓடும்போதோ ரீலை வெட்டாதீர்கள். இடைவேளை ஒரு ரீலின் முடிவில் விழ வேண்டும். ஒவ்வொரு ரீலும் தொடங்குவதற்குச் சரியாக 2 விநாடிக்கு முன், அதாவது 48 ஃபிரேமுக்கு முன், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ‘பீப்’ ஒலி. திரையில் அதே ஃபிரேமில் ஒரு குறி. ஒலி எங்கே போய்த் திரும்பி வந்தாலும் அந்தப் பீப்பும் அந்தக் குறியும் சேர்ந்து விழுகின்றனவா என்று பார்த்தால் போதும். ஒரு ஃபிரேம் விலகியிருந்தாலும் அங்கேயே பிடித்துவிடலாம். ரீலின் முடிவிலும் அதே போல் ஒன்று வையுங்கள். தொடக்கத்தில் சேர்ந்து முடிவில் விலகினால் அது ஃபிரேம் ரேட் கோளாறு.

டிஐக்குக் கொடுப்பது: ரீல் வாரியாக எக்ஸ்எம்எல் அல்லது இடிஎல் (எடிட்டின் வெட்டுப் பட்டியல்), டைம்கோடு பொறித்த ரெஃபரன்ஸ் வீடியோ, வேகம் மாற்றிய ஷாட்களின் பட்டியல், பெரிதாக்கிய ஷாட்களின் பட்டியல், மூல ஃபைல்கள் உள்ள டிஸ்க். ஒலிக்குக் கொடுப்பது: ஏஏஎஃப் (எடிட்டின் ஒலித் துண்டுகளை அவற்றின் இடத்தோடு கொண்ட ஃபைல்), அதே ரெஃபரன்ஸ் வீடியோ, சவுண்ட் ரிப்போர்ட். ஏஏஎஃப் எடுக்கும்போது ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் சில விநாடி கூடுதல் ஒலியை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். விஎஃப்எக்ஸ் ஷாட்களுக்கும் இரு பக்கம் சில ஃபிரேம்கள் உபரி வேண்டும். அவர்கள் திருப்பித் தரும்போது எந்தக் கலர் ஸ்பேஸில் (வண்ணப்பரப்பில்) தருவார்கள் என்பதைக் கலரிஸ்டையும் விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளரையும் நேருக்கு நேர் பேசவைத்து முடிவுசெய்யுங்கள். நீங்கள் தூது போனால் தகவல் பாதி வழியில் மாறும்.

8. டிஐ: கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்

டிஐக்கு மணிக்கணக்கில், ஷிஃப்ட் கணக்கில், மொத்தப் பேக்கேஜாக என மூன்று விதமாகத் தொகை சொல்வார்கள். முதல் படத்துக்குப் பேக்கேஜ்தான் நல்லது. ஆனால் பேக்கேஜுக்குள் என்னென்ன என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கள் படத்துக்கு ஒரு லேப் டிசிபி உட்பட என்று வாய்மொழியாகச் சொன்னது. பில்லில் டிசிபி தனி வரியாக வந்து நின்றது. கேட்டதற்கு, ஒரு டிசிபிதான் உட்பட்டது, தணிக்கைக்குப் பிறகு செய்தது இரண்டாவது என்றார்கள். ஆகவே கேளுங்கள்: கன்ஃபார்ம் சேர்த்தா? டைட்டில் சேர்த்தா? தணிக்கைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு டிசிபி சேர்த்தா? டிவிக்கான கலர் சேர்த்தா? டிரெய்லர் சேர்த்தா? டேட்டாவை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்? சொன்ன தொகை ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா, சேர்க்காமலா? கடைசிக் கேள்வி ஒன்றே பல படங்களில் லட்சக்கணக்கில் பேசியிருக்கிறது.

கலர் தொடங்கும் முன் கன்ஃபார்மைப் பாருங்கள். ரெஃபரன்ஸ் வீடியோவையும் கன்ஃபார்ம் ஆனதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முழுப் படத்தையும் ஓட்டினால் மாறிப்போன டேக், திரும்பிப்போன ஃபிரேம் எல்லாம் தெரியும். எடிட்டரின் உதவியாளர் ஒருவரை இதற்கென்று உட்கார வையுங்கள்.

தியேட்டருக்கான கலர் பி3 வண்ணப்பரப்பில் புரொஜக்டர் வெளிச்சத்தில் செய்யப்படுவது. அதை அப்படியே டிவிக்கு அனுப்ப முடியாது. டிவியின் வண்ணப்பரப்பான ரெக் 709-க்கு மாற்றி, இருட்டுக் காட்சிகளைத் தனியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். கலரிஸ்ட்டும் அறையும் கையில் இருக்கும்போதே அதையும் முடித்துவிடுங்கள். படம் வெளியான பிறகு மறுபடி போனால் புதிய கொட்டேஷன் வரும்.

9. மிக்ஸிங்

நடிகர்களின் டப்பிங் தேதிகளை எடிட் லாக் ஆவதற்கு முன்பே கேட்டு வைக்கவும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். கதாநாயகன் அடுத்த படத்துக்குத் தாடி வளர்த்துக்கொண்டு வெளியூர் போய்விடுவார்.

5.1 (ஆறு சேனல் சுற்றொலி) மிக்ஸ் முடிந்த அன்று ஸ்டூடியோவிலிருந்து வாங்கி வர வேண்டியவை: முழு மிக்ஸ், வசனம் தனி, இசை தனி, எஃபெக்ட்ஸ் தனி, வசனம் இல்லாத எம்அண்ட்இ, ஸ்டீரியோ பிரதி. எல்லாம் ரீல் வாரியாக, பீப்புடன். வசனம் தனியாக இல்லை என்றால் தணிக்கையில் ஒரு சொல்லை ஊமையாக்க மொத்த மிக்ஸையும் திறக்க வேண்டும். எம்அண்ட்இ இல்லை என்றால் தெலுங்குக்கோ இந்திக்கோ டப்பிங் உரிமை விற்க முடியாது.

10. தணிக்கை

விண்ணப்பம் தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளத்தில். கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. தயாராக இருக்க வேண்டியவை: தலைப்புப் பதிவுச் சான்று, கதைச் சுருக்கம், முழு வசனப் பிரதி, பாடல் வரிகள், நீள விவரம். தலைப்பைத் தயாரிப்பாளர்கள் சங்கத்திலோ தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையிலோ முன்கூட்டியே பதிவுசெய்திருக்க வேண்டும். வசனப் பிரதி என்றால் படப்பிடிப்புக்கு எழுதிய ஸ்கிரிப்ட் இல்லை. லாக் ஆன படத்தைப் பார்த்து மீண்டும் எழுதியது. அதற்கு ஓர் உதவி இயக்குநரை ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

விலங்கு திரையில் வந்தால், அது தெருவில் கடக்கும் மாடாகவே இருந்தாலும், விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். எடுப்பதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். எடுத்த பிறகு காட்சியைக் காட்டிச் சான்று பெற வேண்டும். வாரியம் திருவான்மியூரில் இருந்த காலம் போய்விட்டது. இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. கிராஃபிக்ஸில் செய்த விலங்கு என்றாலும் அதற்கான சான்று வேண்டும். புகைபிடிக்கும் காட்சி இருந்தால் படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி விழிப்புணர்வுப் படமும் 20 விநாடி ஒலி-ஒளி எச்சரிக்கையும், காட்சி வரும்போது கீழே நிலையான வாசகமும் சட்டப்படி வர வேண்டும். ஒரு பீடிக்காக இவ்வளவா என்று எழுதும்போதே யோசியுங்கள்.

சான்று வகைகள் 2024 விதிகளில் மாறிவிட்டன. யு, ஏ ஆகியவற்றுக்கு நடுவில் யுஏ இப்போது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஏ சான்று பெற்ற பிரதியைத் தொலைக்காட்சியில் போட முடியாது. டிவிக்கு என வெட்டிய பிரதிக்குத் தனிச் சான்று வாங்க வேண்டும். சாட்டிலைட் உரிமையை நம்பி பட்ஜெட் போட்டவர்கள் இதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டு சொல்லப்பட்டால் முடிந்தவரை அதே நீளத்துக்கு வேறு காட்சியை வைத்து நிரப்புங்கள். நீக்கிவிட்டால் ரீலின் நீளம் குறையும், ஒலியையும் அதே ஃபிரேமில் வெட்ட வேண்டும், பின்னணி இசை தாவும். சான்று கையில் வந்த பிறகு ஒரு ஃபிரேமைக்கூடச் சொல்லாமல் மாற்றக் கூடாது. சேர்த்தாலும் குறைத்தாலும் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டு விண்ணப்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். விண்ணப்பத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் இரண்டு மாதமாவது விடுங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் தத்தம் தணிக்கையை வைத்திருக்கின்றன. வெளிநாட்டு விநியோகஸ்தருக்கு ஆங்கில சப்டைட்டில் போட்ட பிரதி அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

11. டிசிபியும் கேடிஎம்மும்

டிசிபியில் படம் ஜேபெக் 2000 வடிவில், விநாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட்டில் இருக்கும். இரண்டு மணி இருபது நிமிடப் படம் உச்ச அளவில் போனால் சுமார் 260 ஜிபி. நம் தியேட்டர்களுக்கு இடைவேளை உண்டு என்பதால் முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். எப்படி வேண்டும் என்று விநியோகிக்கும் டிஜிட்டல் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சான்றிதழ் அட்டை முதல் பாதியின் தலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிசிபி வந்ததும் நல்ல தியேட்டர் ஒன்றில் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை ஓட்டிப் பாருங்கள். லேபின் சிறிய திரையில் பார்த்தது கணக்கில் வராது. பெயர்ப் பட்டியலில் எழுத்துப் பிழை, பின் ஸ்பீக்கர்களில் ஒலி வருகிறதா, சப்டைட்டில் திரைக்கு வெளியே போகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைத் தனியாக நியமியுங்கள். எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தால் அவர் கதையில் மூழ்கிவிடுவார்.

பூட்டிய டிசிபியைத் திறக்கும் சாவி கேடிஎம். ஒவ்வொரு திரையின் சர்வருக்கும் தனித்தனிச் சாவி. தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டும் அதில் உண்டு. தியேட்டரில் சர்வரை மாற்றியிருந்தால் பழைய விவரத்துக்குப் போட்ட சாவி வேலை செய்யாது. வெளிநாட்டுத் திரைகளுக்கு அந்த ஊர் நேரத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வெளியீடு என்றால் சாவி வியாழன் பிற்பகலிலிருந்து செல்லட்டும். ஆபரேட்டர் இரவே போட்டுப் பார்த்துவிடுவார். வெள்ளி காலை எட்டு மணிக்குச் சாவி திறக்கவில்லை என்று ஊர் ஊராகத் தொலைபேசி வந்தால், எடுக்க ஒரு ஆள் போதாது.

இதற்கும் தனிச் செலவு உண்டு. விபிஎஃப் என்ற பெயரில் டிஜிட்டல் நிறுவனங்கள் திரைக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் வாங்குகின்றன. எத்தனை திரை, எத்தனை வாரம் என்று பெருக்கிப் பார்த்து, விநியோகஸ்தருடன் ஒப்பந்தம் போடும்போதே அதை யார் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். தொகையைக் கட்டாமல் சாவி வராது.

12. ஓடிடி, டிவி, பெட்டிக்குள் போகும் டிஸ்க்

ஒவ்வொரு தளமும் சேனலும் தனக்கென ஒரு தேவைப் பட்டியல் வைத்திருக்கும். அதை ஒப்பந்தத்துக்கு முன் கேட்டு வாங்குங்கள். பொதுவாகக் கேட்கப்படுவது: 24-இலும் 25-இலும் ரெக் 709 மாஸ்டர், எழுத்து எதுவும் இல்லாத காட்சிகள், 5.1, ஸ்டீரியோ, எம்அண்ட்இ, சப்டைட்டில் ஃபைல், மியூசிக் க்யூ ஷீட் (படத்தில் வரும் இசைத் துண்டுகளின் பட்டியல்), கதை முதல் இசை வரை உரிமை கைமாறிய ஒப்பந்தங்களின் நகல்கள். தொலைக்காட்சிக்கு ஒலி அளவு தனி. ஐரோப்பிய முறையில் மைனஸ் 23 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் ஒலி அளவின் அலகு) என்பது அளவுகோல். தியேட்டர் மிக்ஸை அப்படியே அனுப்பினால் சேனல் திருப்பி அனுப்பும். க்யூ ஷீட்டை இசையமைப்பாளரின் உதவியாளரிடம் மிக்ஸிங் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து அவர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

பணம் செட்டில் ஆனதும் லேபிலிருந்து எல்லா மாஸ்டர்களையும் டிஐ புராஜெக்ட் ஃபைலையும் வாங்கி, செக்சம் பார்த்து, ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். லேப் சொன்ன மாதக்கணக்கு முடிந்ததும் அவர்கள் தங்கள் சர்வரிலிருந்து அழித்துவிடுவார்கள், அதற்கு உங்களிடம் அனுமதி கேட்க மாட்டார்கள். அலமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்க்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் எந்த டிஸ்க், அதில் எந்த நாள் கார்டுகள் என்ற பட்டியலைப் பெட்டிக்குள் ஒன்று, தயாரிப்பாளரின் ஆடிட்டரிடம் ஒன்று வையுங்கள்.